தவிட்டுக்கு வாங்கியவள்

சிரிக்கிறாள். என் வீட்டு முன்னறையில், என் பாயில் உட்கார்ந்து, என் பிள்ளையை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், நான் இங்கே அடுப்படியில் மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருக்கிறேன். வந்தவளுக்கு வாயில் போட ஏதாவது தரவேண்டாமா என்று எழுந்து வந்தது நான்தான், யாரும் போகச் சொல்லவில்லை, ஆனாலும் என்னை விரட்டிவிட்டு அவள் அங்கே உட்கார்ந்துகொண்ட மாதிரிதான் இருக்கிறது. கியோ. தைப்பிங் பெரிய தெருவில் புருஷனோடு படம் பிடிக்கும் கடை வைத்திருந்த கியோ. பேரைக் கேட்டால் கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி இருக்கிறது என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன், அதற்கும் இப்படித்தான் சிரிப்பாள், உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க. யுத்தம் ஆரம்பித்த அன்று காலையில் வெள்ளைக்காரன் போலீஸ் இவளையும் சேர்த்து இந்த ஊர் ஜப்பான்காரர்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருக்கிறாளா போனாளா என்று ஒரு சேதி கிடையாது. செத்துப்போயிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால் வேண்டிக்கொண்டேன் என்று அர்த்தமில்லை, மாரியம்மாவுக்குத் தெரியும். ஆனால் அவளுக்காக விளக்கு ஏற்றினாயா என்று கேட்டால், ஏற்றவில்லை. இன்று மத்தியானம் வாசலில் நிழல் விழுந்தது, நிமிர்ந்தேன், "அக்கா" என்றாள்.

இந்தக் கிழங்குக்கு மேல்தோல் ஒன்று, உள்தோல் ஒன்று, இரண்டையும் எடுத்தாக வேண்டும். அரிசி போனதிலிருந்து இதுதான் சோறு, இதுதான் பலகாரம். என் பிள்ளை முத்து இதைச் சாப்பிடமாட்டாள், நான் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, இது காக்காய்க்கு, இது குருவிக்கு, இது ஸ்டேஷன் மாஸ்டருக்கு என்று சொன்னால்தான் வாயைத் திறப்பாள். அது கியோவுக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாமல் என்ன அம்மா. இப்போது அங்கே சத்தம் இல்லை. ஏன் சத்தம் இல்லை? எட்டிப் பார்க்கலாம், பார்த்தால் பார்த்தது தெரிந்துவிடும். மனசு கேட்கவில்லை, தண்ணீர் மொள்ளப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். இரண்டு முகமும் நேருக்கு நேர். ஐயோ, அதைப் பார்த்திருக்கவே கூடாது. அதே புருவம், நடுவில் மயிரில்லாமல் தேய்ந்து போகிற அதே புருவம். அதே காது. முத்து யோசிக்கும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடிப்பாளே, அதை நான் என் புருஷனிடமிருந்து வந்த பழக்கம் என்று இந்த ரயில்வே லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், அவளும் அங்கே அதையேதான் செய்துகொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு அஞ்சுகம் ஒருநாள் சொன்னாள், "உன் கைச்சோறு தின்னு தின்னு புள்ளைக்கு உன் சாடை வந்திருச்சு சௌந்தரம்" என்று. அந்த வார்த்தைக்காக அவளுக்கு ஒரு படி உளுந்து சும்மா கொடுத்தேன், உளுந்து விற்ற விலைக்கு. கண்ணாடியில் முத்துவைத் தூக்கி வைத்துப் பக்கத்தில் என் முகத்தையும் வைத்துப் பார்ப்பேன், ஆமாம் இருக்கிறது, தாடையில் கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்தத் தாடையும் அவளுடையதுதான் என்று தெரிகிறது. என் வயிறு எரிகிறது. பச்சையாகச் சொல்லவேண்டுமானால் பொறாமை, வேறென்ன. மூன்று பெற்று மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்தவள் நான், ஒன்றைப் பெற்று எங்கோ போய்விட்டு வந்தவளுக்கு அது நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அப்படியே அச்சாக இருக்கிறதென்றால் எரியாமல் குளிருமா?

இவர் வேறு. ரயில்வே பட்டறையில் இரும்பு அடிக்கிற மனுஷன், குரல் எப்படி இருக்க வேண்டும்? "சொல்லுங்கம்மா, அப்புறம் என்னாச்சுங்கம்மா, உக்காருங்கம்மா" என்று குழைகிறார். போன தடவை வரைக்கும் "என்னா கியோ" என்று கூப்பிட்ட வாய். இந்த ங்க எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பட்டறை வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற ஜப்பான் சிப்பாய்க்குக் காலையும் மாலையும் இடுப்பு வளைத்துக் கும்பிடு போடுகிறாரே, அங்கிருந்து வந்தது. இப்போது ராஜ்யம் அவளுடைய ஆட்களுடையது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு சிப்பாய் வந்து நின்றால் போதும், முத்துவைக் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட வேண்டியதுதான். அப்படி அவள் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மோட்டாரில் வந்து இறங்கி, பூட்ஸ் காலோடு ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து, "எடு என் பிள்ளையை" என்று கேட்டிருந்தால் நான் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன், அடி வாங்கியிருப்பேன், ஊரே என் பக்கம் நின்றிருக்கும். இவள் சிங்கப்பூரிலிருந்து ரயிலில் தனியாக வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்து, செருப்பை வாசலில் திருப்பி ஒழுங்காக வைத்துவிட்டு, தோளில் எலும்பு துருத்தத் துருத்த நின்று, "அக்கா, உள்ள வரலாமா?" என்கிறாள். தலைமயிர் பாதி கொட்டியிருக்கிறது. இவளை நான் எப்படித் திட்டுவேன்? திட்ட முடியாதவளை நினைத்து எரிவதுதான் பெரிய எரிச்சல். நீ என்பதா நீங்க என்பதா என்று தெரியாமல், வந்ததிலிருந்து அவளிடம் வாக்கியமே முடிக்காமல் பேசிக்கொண்டிருக்கிறேன். "தண்ணி வேணுமா... இப்படி... பாய்ல..."

ஆனால் எனக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது. கிழங்கை நறுக்கும்போதே அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். நான் திருடவில்லை, கண்டெடுக்கவில்லை, முறைப்படி வாங்கினேன். யுத்தம் ஆரம்பித்த அன்று முத்துவுக்கு அம்மை. அப்போது அவள் பேர் சாயோ. கடையில் ஆள் வந்து போகிற இடம், அம்மை வார்த்த பிள்ளையை அங்கே வைக்கக் கூடாது என்று நான்தான் தூக்கிவந்து இந்த வீட்டில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தேன். உடம்பெல்லாம் முத்து முத்தாக, வாய்க்குள்ளும் போட்டிருந்தது, தண்ணீர் இறங்கவில்லை. பிழைக்காது என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். அப்போது பின்வாசல் வழியாகக் கியோ ஓடி வந்தாள், பின்னாலேயே ஒரு சீக்கியப் போலீஸ்காரன், "ஜல்தி, ஜல்தி" என்று. பிள்ளையைத் தூக்கக் குனிந்தவளை நான் தடுத்தேன். "அம்மா எறங்கியிருக்கா, எடுக்காதே, எடுத்தா போயிரும்" என்றேன். அந்தப் போலீஸ்காரனும் அம்மையைப் பார்த்துப் பின்னால் நகர்ந்துவிட்டான், வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டினான். அவள் பிள்ளையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அந்த நேரத்தில் எப்படித் தோன்றியதோ, தவிடு தோன்றியது. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை இன்னொருத்தியிடம் தவிட்டுக்குக் கொடுத்துவிட்டால் எமன் கணக்கில் அது பழைய வீட்டுப் பிள்ளை இல்லை, தப்பிவிடும். என் அம்மா எனக்கு மூன்று தடவையும் சொன்னாள், மூன்று தடவையும் இவர், போடி பைத்தியம் என்றார், மூன்றும் போயின. நான் மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டை ஒரு சேலைத்துண்டில் கட்டி அவள் கையில் வைத்தேன். வைத்தேன், அவள் வாங்கினாள். ஒரு கையால் இல்லை, இரண்டு கையாலும் வாங்கினாள், நெற்றிக்கு நேரே தூக்கி, இடுப்பு ஒடிய வணங்கி வாங்கினாள். அதற்குமேல் என்ன சம்மதம் வேண்டும்? லாரி போனது. ராத்திரி பிள்ளை ஒரு மிடறு தண்ணீர் குடித்தது. மாரியம்மா போட்ட முத்துக்கு முத்துமாரி என்று பேர் வைத்தேன். லயத்துப் பெண்கள் பிள்ளைகள் அடம்பிடித்தால் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினேன் போ" என்பார்கள், பிள்ளைகளும் சிரிக்கும். நான் மட்டும் அதை முத்துவிடம் சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வேன், எனக்கு அது விளையாட்டா?

தவிடு வாங்கியவள் திரும்பி வந்து கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவேன். இவர் முன்னாலேயே சொல்லிவிடுவேன். இவ்வளவு நாள் முத்துவை நான் பொத்திப் பொத்தி வைத்தது யாருக்குத் தெரியும்? ஜப்பான் பட்டாளம் சைக்கிளில் வந்து இறங்கிய புதிதில் ஒரு சிப்பாய் இவளை உற்றுப் பார்த்து அவர்கள் பாஷையில் என்னமோ கேட்டான், மிட்டாய் நீட்டினான், முத்து என் தொடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் பிள்ளை, என் பிள்ளை என்று நெஞ்சில் அடித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவளுக்கு நெற்றி நிறையப் பொட்டு, காதில் வளையம், தலை நிறைய எண்ணெய், வெயிலில் விட்டு விட்டுக் கறுக்க வைத்தேன். சீனக்கடைத் தெருப் பக்கம் கூட்டிப்போகவே மாட்டேன், அவர்கள் வீட்டில் எத்தனை ஆண்பிள்ளைகளை இந்தப் பட்டாளம் கொண்டுபோய்ச் சுட்டதோ, ஜப்பான் ரத்தம் என்று எவராவது கண்டுபிடித்தால் என்ன ஆகும்? இத்தனைக்கும் நடுவில் வளர்த்தவள் நான். இப்போது அங்கே பாட்டு கேட்கிறது. மெதுவாக, மூக்கால் பாடுகிற ஒரு பாட்டு. முத்து கூடவே ம்ம் என்கிறாளா? இல்லை, அது கோழி. இல்லை, முத்துதான். துரோகி. மூன்று வயசுப் பிள்ளையைத் துரோகி என்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது. கத்தி விரலில் பட்டுவிட்டது. கொஞ்சம் ரத்தம்தான். வாயில் வைத்துக்கொண்டேன், கிழங்கின் மண்வாசனை.

"அக்கா, கை வெட்டிருச்சா?" என்று கேட்டபடி அடுப்படி வாசலில் நிற்கிறாள். எப்போது எழுந்து வந்தாள்? முத்துவை இவர் தூக்கிக்கொண்டு கொல்லையில் கோழி காட்டப் போய்விட்டார், இவளை என்னிடம் விட்டுவிட்டு. வேண்டுமென்றேதான் போயிருக்கிறார். கியோ என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இன்னொரு கத்தியை எடுத்து, கேட்காமலே ஒரு கிழங்கை எடுத்தாள். தோலை அவள் சீவுகிற விதமே வேறு, சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வருகிறது, சதை துளிகூடப் போகவில்லை. நான் சீவிய தோலில் பாதி கிழங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதிலும் இவள்தானா என்று இருந்தது. கேட்கப்போகிறாள், இப்போது கேட்கப்போகிறாள் என்று என் காதுக்குள் ரயில் ஓடுகிற மாதிரி இரைந்தது.

"அக்கா, நீங்க அன்னைக்கி தவிடு குடுத்தீங்க" என்றாள்.

என் கத்தி நின்றுவிட்டது. அவளே ஆரம்பிக்கிறாள். ஆமாம், கொடுத்தேன், நீ வாங்கினாய் என்று சொல்லப் போனேன், அதற்குள் அவள் தொடர்ந்தாள். "எனக்கு எவ்ளோ ஆச்சரியம். போலீஸ் நிக்கிது, எல்லாரும் அழுவுது, நம்ம அக்காவுக்கு என் ஊறுகாய்ச் சட்டி ஞாபகம் இருக்குது." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவள் கடைக்குப் பின்னால் ஒரு சட்டி வைத்திருப்பாள், தவிட்டில் உப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதில் முள்ளங்கியும் வெள்ளரியும் புதைத்து வைப்பாள், தினம் கைவிட்டுக் கிளறாவிட்டால் கெட்டுப்போய்விடும் என்பாள். அந்த நாற்றத்தை நானே கேலி செய்திருக்கிறேன். என்னிடம்தான் தவிடு கேட்டு வாங்கிப் போவாள். அதற்குத்தான் கொடுத்தேன் என்று நினைத்திருக்கிறாள். போகிற இடத்தில் ஊறுகாய் போட்டுக்கொள்ளத் தவிடு கொடுத்த நல்ல அக்கா என்று நினைத்து, அதற்காகத்தான் அப்படி வணங்கியிருக்கிறாள். அப்படியானால் நான் வாங்கவே இல்லையா? இத்தனை நாளும் என் பிள்ளை என்று நான் நெஞ்சில் அடித்துக்கொண்டது வெறும் ஒரு முடிச்சுத் தவிடு தானமா?

அவள் கிழங்கைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போனாள். சிங்கப்பூர் ஜெயில், கப்பல், பிறகு டில்லியில் ஒரு இடிந்த பழைய கோட்டை. கோட்டைக்குள் கூடாரம், கூடாரத்துக்குள் இவர்கள், சுற்றி முள்வேலி. பனியில் விறைத்தார்களாம், பிறகு அனல் காற்றில் வெந்தார்களாம். இரண்டு பக்கமும் கைதிகளை மாற்றிக்கொண்டபோதுதான் இவளைக் கப்பலேற்றிச் சிங்கப்பூருக்குத் திரும்ப அனுப்பினார்களாம். "ஒரு பால் டப்பா கெடச்சிச்சி. அதுல உங்க தவிடு போட்டேன். அங்க கோதுமை மாவு குடுப்பாங்க, சலிச்சா கொஞ்சம் தவிடு வரும், அதயும் சேர்த்துப் போட்டேன். டெய்லி கை போட்டுக் கெளறுவேன். எல்லாக் கூடாரத்துலேருந்தும் வரும், ஒரு துண்டு குடு, ஒரு துண்டு குடுன்னு. என் வீட்டுக்காரரு கடைசியில ஒண்ணுமே சாப்புடல, வெறும் கஞ்சி, அதுல அந்த முள்ளங்கி. அவ்ளோதான். அப்பறம் செத்துப்போச்சி." படம் பிடிக்கும்போது கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சிரிங்க சிரிங்க என்பாரே அந்த மனுஷன். என்னையும் என் புருஷனையும் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து ஜோடியாக நிற்க வைத்து எடுத்தவர். எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு கூடவே, வெட்கமில்லாமல், இவளுக்கு இனி யாரும் இல்லை, அதனால் நிச்சயம் பிள்ளையைக் கேட்பாள் என்ற எண்ணமும் வந்தது. இரண்டும் ஒன்றாகவே வந்தன, எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நல்லவளாகவே இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை. "நான் ஊறுகாய்க்குக் குடுக்கல கியோ. புள்ளைக்குக் குடுத்தேன். அது எங்க முறை. தவிட்டக் குடுத்துப் புள்ளைய வாங்கறது. நீ ரெண்டு கையால வாங்குன. அவ என் புள்ள." நீ என்றே வந்துவிட்டது. சொன்னபோது என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது, சந்தையில் எடை குறைந்ததற்குச் சண்டை போடுகிறவள் மாதிரி. அவள் புரியாமல் பார்த்தாள். நான் மறுபடியும், மெதுவாக, எமன், பழைய வீடு, புது வீடு என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள். கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். கொல்லையில் முத்து கோழியை அதட்டுகிற சத்தம் கேட்டது. கியோ அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அந்தக் கோட்டையில சின்னப் புள்ளைங்கதான் மொதல்ல போச்சி அக்கா" என்றாள். "பக்கத்துக் கூடாரத்துல ஒண்ணு, நம்ம சாயோ வயசுதான். வெயில்ல. அவங்கம்மா விசிறிக்கிட்டே இருந்துச்சி, செத்தப்புறமும் விசிறிச்சி." பிறகு வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். இந்தப் பேச்சு வெளியே கேட்டால் அவளுடைய ஆட்களே அவளைத் தொலைத்துவிடுவார்கள். "டில்லியில ரயில் பாத்தேன். ராணுவம், பீரங்கி, ராத்திரி பூரா போவுது, முடியவே இல்ல. வெள்ளக்காரங்க திரும்பி வருவாங்க அக்கா. வந்தா எங்கள மறுபடி புடிப்பாங்க. நான் போறேன், பரவால்ல, எனக்குப் பழக்கம். சாயோ வேலிக்குள்ள வரக் கூடாது." நிறுத்தினாள். கையைத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "கூட்டிட்டுப் போவலாம்னு நெனச்சும் வந்தேன். வரும்போது ரயில்ல அப்படியும் இப்படியும் நெனச்சேன். இப்ப நீங்க சொல்லிட்டீங்க. தவிடு நான் சாப்ட்டுட்டேன். எல்லாருக்கும் குடுத்துட்டேன். திருப்பிக் குடுக்க இல்ல. அப்ப அவ உங்க புள்ளதான்."

எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. நான் எதற்காக மத்தியானத்திலிருந்து வயிறு எரிந்தேனோ அது என் மடியில் வந்து விழுந்துவிட்டது, எரிச்சல் மட்டும் அடங்கவில்லை, இன்னும் கூடியது. முத்துவை யாராவது நெருப்பிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று வந்து கேட்டாலும் நான் கொடுப்பேனா? மாட்டேன். கட்டிக்கொண்டு கூடவே வெந்துபோவேன், அதைத்தான் பாசம் என்று நினைத்திருந்தேன். இவள் ஒரு கிழங்கைச் சீவி முடிக்கிற நேரத்துக்குள் கொடுத்துவிட்டாள். என்னால் முடியாததை இவளால் முடிகிறது. சாடையைப் பார்த்து எரிந்தேன், பாட்டைக் கேட்டு எரிந்தேன், அதெல்லாம் ஒன்றுமே இல்லை, இதுதான் நிஜமான பொறாமை, இது சாகிறவரைக்கும் ஆறாது என்று தெரிந்தது. இரு, சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாள். வெந்தும் வேகாததுமாக நாலு துண்டை வாழை இலையில் மடித்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். நெற்றிக்கு நேரே தூக்கினாள். அவள் வணங்குவதைப் பார்க்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது முத்துவைத் தொடுவாள் என்று நினைத்தேன். தொடவில்லை. தொட்டால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவர் "போய்ட்டு வாங்கம்மா" என்றார், குரல் உடைந்திருந்தது. அவள் தண்டவாளத்து ஓரமாகவே நடந்தாள், முதுகு நேராக, இலைப் பொட்டலத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. திரும்பிப் பார்க்கவில்லை. முத்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "அது யாரும்மா?" என்றாள். இவர் என்னைப் பார்த்தார். தண்டவாளத்தில் அவள் இன்னும் காது கேட்கிற தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும் என்ன சொல்லவேண்டும் என்று, அம்மா என்கிற அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். "சித்தி" என்றேன். முத்து உடனே தண்டவாளத்தைப் பார்த்துக் கத்தினாள், சித்தி, சித்தி என்று, கையை ஆட்டி ஆட்டி. கியோ நின்றாள். அதற்குமேல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.